பழைய கருவியைக் காட்டி விவரம் கேட்பது எப்படி: சிங்கப்பூரில் புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பழைய கருவிகளைச் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் தாராள மனசுக்காரர்கள். ஒரு ரம்பத்தின் கைப்பிடியில் இருக்கும் பித்தளை வில்லையை மட்டும் பார்த்து அது எந்தக் காலத்தது என்று சொல்வதற்காக, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பழைய விலைப்பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அதே ஆட்கள், இணையக் குழுவில் மங்கலான ஒரே ஒரு படத்தோடு “இது என்ன? எவ்வளவு போகும்?” என்று வரும் கேள்வியைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார்கள். புதிதாக வந்தவர் இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார். திமிர் எல்லாம் இல்லை. பதில் சொல்ல அந்தக் கேள்வியில் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான்.

வணக்கம், அண்ணே, தயவுசெய்து எல்லாம் நல்லதுதான், போடுங்கள். ஆனால் இந்த வட்டாரத்தில் மரியாதை என்பது முக்கால்வாசி வீட்டுப்பாடம். அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்த தெளிவான ஒரு படம், பத்து வணக்கத்துக்குச் சமம். பதில் சொல்பவரால் உங்கள் கருவியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடியாது. அவருக்காக நீங்கள்தான் திருப்பிக் காட்ட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

கை வைக்காதீர்கள், துடைக்காதீர்கள்

முதல் படி, எதுவும் செய்யாமல் இருப்பது. சொல்லத்தான் எளிது. தாத்தாவின் பெட்டியிலிருந்தோ, பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரிடமிருந்தோ துருப்பிடித்த இழைப்புளி ஒன்று கைக்கு வந்தால், பளபளவென்று ஆக்கிப் படம் போடத்தான் யாருக்கும் தோன்றும். கம்பி பிரஷ், உப்புத்தாள், எலுமிச்சைச் சாறு என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

கெடுதல் இங்கேதான். கருவியின் வயதைச் சொல்லும் அடையாளங்கள் மேல்தோலில்தான் இருக்கின்றன. பிளேடில் மெலிதாக அடித்த முத்திரை, ரம்பத் தகட்டில் அமிலத்தால் பொறித்த சித்திரம், கைப்பிடியில் ஒட்டிய வண்ணத்தாள், வார்ப்பிரும்பின் மேல் பூசிய ஜப்பானிங் என்கிற கறுப்புப் பூச்சு, எல்லாமே கம்பி பிரஷ்ஷுக்கு இரண்டு நிமிட வேலை. போனது போனதுதான். ரம்பத்தில் அந்தப் பொறிப்பு துருவுக்கு அடியில் பல நேரம் தப்பிப் பிழைத்திருக்கும். தெரிந்தவர் கையில் நுண்ணிய உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி மெதுவாகத் தேய்த்தால் அது எழுந்து வரும். தெரியாதவர் தேய்த்தால் வெறும் தகடுதான் மிஞ்சும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் துரு காத்திருக்காது என்பது உண்மை. அதற்கு ஒரு வழி: மென்மையான துணியால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, வெறும் உலோகத்தில் மெல்லிய இயந்திர எண்ணெயை லேசாகத் தடவி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தாள் ஒட்டிய இடத்தில் எண்ணெய் படக் கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்து இன்னும் கெடும். மற்றதெல்லாம் அது என்ன கருவி என்று தெரிந்த பிறகு.

படம் எடுப்பது

மொத்தக் கருவியும் தெரியும்படி இரண்டு பக்கமும், மேலிருந்து, அடிப்பாகம், அப்புறம் எழுத்தோ எண்ணோ இருக்கும் ஒவ்வொரு இடமும் கிட்டத்தில். விரிசல், உடைப்பு, ஒட்டுப்போட்ட இடம் இவற்றை மறைக்காமல் தனியாக ஒரு படம். பாகங்கள் வலுக்கட்டாயம் இல்லாமல் கழன்றால் கழற்றிப் பரப்பி ஒரு படம். திருகு இறுகிப்போயிருந்தால் விட்டுவிடுங்கள். பழைய திருகின் தலை சிதைந்தால் அது படத்திலேயே தெரியும்.

அடியில் வெள்ளை அட்டையோ பழுப்பு அட்டையோ விரித்துக்கொள்ளுங்கள். பூப்போட்ட மேசை விரிப்பில் வைத்து எடுத்த உளியின் முனை யாருக்கும் தெரியாது. பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். நிறையப் பேர் ஐம்பது காசை வைத்து எடுக்கிறார்கள். நமக்குப் புரியும். அமெரிக்காவில் ஒஹாயோவில் இருப்பவர் நம் ஐம்பது காசை எங்கே கண்டார்?

முத்திரையைப் படம் பிடிக்க ஒரு சின்ன வேலை இருக்கிறது. இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல், கருவியின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒளி உலோகத்தின் மேல் தரையோடு தரையாகப் போகும்போது, பள்ளத்தில் இருக்கும் எழுத்துகளில் நிழல் விழும். பகலில் வெறும் கீறலாகத் தெரிந்த இடத்தில் திடீரென்று ‘ஷெஃபீல்ட்’ என்ற ஊர்ப்பெயர் எழுந்து நிற்கும். டார்ச்சை மெதுவாகச் சுற்றிக் கொண்டுவந்து, நான்கு கோணத்தில் நான்கு படம் எடுங்கள். ஒன்றில் முதல் பாதி தெரியும், இன்னொன்றில் மறுபாதி. கைப்பேசியின் ஃபிளாஷ் மட்டும் வேண்டாம், அது எல்லா நிழலையும் அழித்துவிடும். அப்படியும் பிடிபடாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள்.

வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கி அனுப்பும். முத்திரைப் படத்தை உயர் தரத்தில், அல்லது ஆவணமாக அனுப்புங்கள். அனுப்பும் முன் பின்னணியையும் ஒரு பார்வை பாருங்கள். வீட்டு எண் பலகை, முகவரி தெரியும் மின்சாரக் கட்டண ரசீது, பள்ளிச் சீருடையில் பிள்ளை, இதெல்லாம் உளிக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டியதில்லை.

அளவெடுப்பது

பிரிட்டிஷ், அமெரிக்கக் கருவிகள் அங்குலத்தில் செய்யப்பட்டவை. ஆகவே அங்குலம், மில்லிமீட்டர் இரண்டிலும் எழுதுங்கள். இழைப்புளி என்றால் மொத்த நீளம், பிளேடின் அகலம். ரம்பம் என்றால் பல் ஓடும் விளிம்பின் நீளம், அங்குலத்துக்கு எத்தனை பல். உளி என்றால் முனை அகலமும் கைப்பிடி சேர்த்த நீளமும் போதும்.

ஸ்பேனரில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். பழைய பிரிட்டிஷ் ஸ்பேனரில் 3/8 என்று எழுதி, பக்கத்தில் ‘டபிள்யூ’ என்ற எழுத்து இருக்கும். வாயை அளந்தால் 0.710 அங்குலம், அதாவது ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் வரும். எழுத்து தப்பா, அளவு தப்பா என்று தலையைச் சொறிவார்கள். இரண்டும் சரி. அது ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த திருகு அளவுமுறை. அதில் ஸ்பேனரில் எழுதியிருப்பது போல்ட்டின் தடிமன், நட்டின் அகலம் அல்ல. அதே வாய் பிஎஸ்எஃப் என்கிற, மரை நெருக்கமான பிரிட்டிஷ் திருகு முறையில் 7/16 போல்ட்டுக்குப் பொருந்தும் என்பதால், சில ஸ்பேனர்களில் இரண்டு எண்ணும் சேர்ந்தே இருக்கும். இதெல்லாம் தெரியாமல் “18 எம்எம் ஸ்பேனர், ஜப்பானா?” என்று கேட்டால் யாரும் கடித்துவிட மாட்டார்கள். ஆனால் என்ன எழுதியிருக்கிறது, அளந்தால் என்ன வருகிறது என்று இரண்டையும் போட்டால் முதல் பதிலிலேயே விஷயம் முடிந்துவிடும்.

எழுத்துகளைப் படிப்பது

சாமானில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து, வரிக்கு வரி அப்படியே எழுதுங்கள். படிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள். நீங்கள் நிரப்பிய எழுத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் தப்பான திசையில் ஒரு மணி நேரம் தேடுவார்கள்.

புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. தெரிந்துகொண்டால் கேள்வியே பாதி குறைந்துவிடும்.

தேதி. இரும்பு இழைப்புளியில் 1902, 1910 என்று தேதி வார்த்திருந்தால் அது செய்த வருஷம் அல்ல, காப்புரிமை பெற்ற தேதி. அந்தத் தேதிக்கு முன்னால் செய்திருக்க முடியாது என்று மட்டுமே அதிலிருந்து சொல்லலாம். ஸ்டான்லி நிறுவனத்தின் பெய்லி வகை இழைப்புளிகளில் ஃபிராக் என்று சொல்லும் பிளேடு தாங்கிக்குப் பின்னால் மூன்று தேதிகள் இருந்தால், அவற்றை 1910-க்கும் 1918-க்கும் இடைப்பட்ட 11-ஆம் வகை என்று வகைப்படுத்துகிறார்கள். இந்த வகைப்பாடு சேகரிப்பவர்கள் பின்னாளில் போட்டது. தொழிற்சாலை அப்படிக் கோடு போட்டு வேலை செய்யவில்லை. பழைய பாகம் தொட்டியில் மிச்சம் இருந்தால் அதையும் மாட்டித்தான் அனுப்பியிருப்பார்கள். அதனால் “இது கண்டிப்பாக 11-ஆம் வகை” என்று அடித்துச் சொல்கிறவரைவிட “அந்த வாக்கில் இருக்கும்” என்கிறவரை நான் அதிகம் நம்புவேன்.

பெயர். மர இழைப்புளியின் முன் முகப்பில் மூன்று நான்கு பெயர்கள் அடித்திருக்கலாம். எல்லாம் செய்தவர் பெயர் அல்ல. ஒரு தச்சர் வாங்கித் தன் பெயரை அடிப்பார், அவரிடம் வாங்கிய அடுத்தவர் தன் பெயரை அடிப்பார். பொதுவாகச் செய்தவர் முத்திரை நடுவில், ஒழுங்கான எழுத்தில், ஊர்ப்பெயரோடு இருக்கும். உரிமையாளர் பெயர்கள் கோணல்மாணலாக, இரண்டு மூன்று இடங்களில் திரும்பத் திரும்ப இருக்கும். பிளேடு செய்த கம்பெனி பெரும்பாலும் வேறு. அதன் பெயரைக் கட்டைக்கும் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

பிராண்டே இல்லாத பிராண்ட். ரம்பக் கைப்பிடியின் பித்தளை வில்லையில் ‘வாரண்டட் சுப்பீரியர்’ என்று இருந்தால், “சுப்பீரியர் கம்பெனி எந்த நாட்டில் இருந்தது?” என்று கேட்பவர்கள் வாராவாரம் வருகிறார்கள். அப்படி ஒரு கம்பெனி இல்லை. பல தொழிற்சாலைகள் பொதுவாகப் போட்ட வில்லை அது. உளியிலும் பிளேடிலும் வரும் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்பதும் அப்படித்தான். 1740-களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் உருவாக்கிய, மூசையில் உருக்கி எடுக்கும் எஃகு முறையைக் குறிக்கும் தர அடையாளம் அது.

நாட்டின் பெயர் நல்ல தடயம். ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் போர் முடிந்ததற்கும் 1952-க்கும் இடையில். ஸ்டான்லி பிளேடில் இதய வடிவத்துக்குள் ‘எஸ்டபிள்யூ’ என்று இருந்தால் அது 1920-இலிருந்து 1930-களின் நடுப்பகுதி வரை போட்ட முத்திரை. ஆனால் பிளேடு தேய்ந்தால் மாற்றுவார்கள். பிளேடின் வயது பிளேடுக்கு மட்டுமே.

நமக்கு இன்னொரு வசதி உண்டு. இங்கே கிடைக்கும் கருவிகளில் சீன எழுத்து வெட்டியவை ஏராளம். குறுக்கே ஒரு கட்டை செருகி, இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளும் இழைப்புளியை வெளிநாட்டுக் குழுக்களில் ஜப்பானியது என்று சொல்லிவிடுவார்கள். ஜப்பானிய இழைப்புளி தன் பக்கம் இழுப்பது, குறுக்குக் கட்டை உள்ளது சீனத் தச்சர்களுடையது. எழுத்தைப் படிக்க இணையத்துக்கு ஓட வேண்டாம். கீழ்த்தளக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் சீன அங்கிளிடம் கருவியைக் காட்டுங்கள், எழுத்தோடு சேர்த்து அதை எப்படிப் பிடிப்பது என்றும் காட்டிவிடுவார். அப்படிக் கிடைத்த தகவலை அவரிடம் கேட்டது என்று சொல்லியே போடுங்கள்.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவும் கத்தியும் அப்படித்தான். முனையில் வளைத்து மடித்த அந்தச் சிறு கத்தியைப் பார்த்துக் குதிரைக் குளம்பு சீவுவது என்று யாராவது சொல்வார்கள். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் வளர்த்தெடுத்தார் என்பதும், தோட்டங்களில் அந்தக் கத்தியைப் பிடித்தவர்களில் பலர் நம்மவர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இங்கே கற்றுக்கொடுக்க வேண்டியவர் நீங்கள். கத்தியின் முனையைக் கிட்டத்தில் படம் எடுத்து, எந்தப் பக்கம் கூர் என்று காட்டிப் போட்டால் அந்தக் குழுவில் உங்களை மறக்கவே மாட்டார்கள்.

கதை வேறு, சான்று வேறு

“தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார், இது வெள்ளைக்காரத் துரை கொடுத்தது.” இப்படி ஒரு வரி இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள், இந்தக் கதைகள் வேறெங்கும் பதிவாகவில்லை. ஆனால் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள்.

உதாரணத்துக்கு, கருவியில் மேல்நோக்கிய அகலமான அம்புக்குறி ஒன்று அடித்திருக்கலாம். அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். அதைப் பார்த்ததும் “செம்பவாங் தளத்தில் பயன்படுத்தியது” என்று தலைப்புப் போடக் கூடாது. அம்புக்குறி போட்ட சாமான்கள் உலகம் முழுக்கப் போயின, மிச்சமானவை ஏலத்தில் விற்கப்பட்டன. அந்தத் தளம் 1938-இல் திறக்கப்பட்டது, பிரிட்டிஷ் படைகள் 1971-இல் கிளம்பின. இடையில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று அம்புக்குறி சொல்லாது. “அம்புக்குறி இருக்கிறது. தாத்தா தளத்தில் வேலை பார்த்தார் என்று அப்பா சொன்னார்.” இப்படி இரண்டு தனி வாக்கியமாக எழுதினால் போதும். தாத்தாவின் பழைய வேலை அடையாள அட்டை வீட்டில் இருந்தால் அது பெரிய விஷயம், ஆனால் படம் போடும்போது எண்ணையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள்.

சுங்கை ரோடு சந்தையில் வாங்கியது என்றால் அதையும் சொல்லுங்கள். அந்தச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது என்பதால், அங்கே வாங்கிய பொருளுக்கு அதுவே ஒரு தடயம்.

கேள்வியை எழுதுவது

எழுதுவதற்கு முன் குழுவின் விதிகளையும், ஒரு வாரத்துப் பழைய பதிவுகளையும் வாசித்துவிடுங்கள். சில இடங்களில் விலை பேசவே கூடாது, சில இடங்களில் விற்பனைக்குத் தனி நாள். அப்புறம், கருவியின் பெயரையும் எண்ணையும் போட்டுத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே கேட்ட கேள்வியாக இருந்தால் பதில் அங்கேயே கிடக்கும்.

ஒரு பதிவுக்கு ஒரு கருவி. பெட்டி முழுவதையும் தரையில் கொட்டி ஒரே படம் எடுத்து “எல்லாவற்றையும் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் யாரும் எதைப் பற்றியும் சொல்ல மாட்டார்கள். நல்ல கேள்வி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“ஸ்டான்லி இரும்பு இழைப்புளி, எண் 4: பிளேடு அசலா, மாற்றியதா?

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன், சேகரிப்புக்குப் புதியவன். நீளம் 9 1/4 அங்குலம் (235 மி.மீ.), பிளேடு அகலம் 2 அங்குலம். ஃபிராக்குக்குப் பின்னால் மூன்று காப்புரிமைத் தேதிகள்: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. பிளேடில் இதயத்துக்குள் எஸ்டபிள்யூ. பின் கைப்பிடியின் மேல்நுனி உடைந்திருக்கிறது. இன்னும் சுத்தம் செய்யவில்லை. தாத்தா 1950-களில் வாங்கினார் என்று வீட்டில் சொல்கிறார்கள், ரசீது எதுவும் இல்லை. தேடிப் பார்த்ததில் உடல் 1918-க்கு முந்தியது, பிளேடு 1920-க்குப் பிந்தியது என்று தோன்றுகிறது. இப்படிப் புரிந்துகொண்டது சரியா? விற்கும் எண்ணம் இல்லை.”

இதில் ‘தேடிப் பார்த்ததில்’ என்று தொடங்கும் வரிதான் முக்கியமான வரி. நீங்கள் தேடியது தப்பாகவே இருக்கட்டும். எங்கே தடுக்கி நிற்கிறீர்கள் என்று பதில் சொல்பவருக்குத் தெரிந்துவிடும். ‘ஹெல்ப்’, ‘அவசரம்’, ‘அரிய பொக்கிஷம்’ போன்ற தலைப்புகள் வேண்டாம். அரியதா இல்லையா என்று சொல்லத்தான் அவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலக் குழு என்றால் எளிய ஆங்கிலமே போதும், இலக்கணப் பிழையை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

நேரக் கணக்கையும் மனதில் வையுங்கள். நியூயார்க்கைவிட நாம் 12 அல்லது 13 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே மதியம் போட்டுவிட்டுச் சாயங்காலமே “யாருக்கும் தெரியாதா?” என்று மறுபடி எழுதினால், அங்கே அப்போதுதான் விடிகிறது. குறைந்தது ஒரு முழு நாள் விடுங்கள். ஒரே கேள்வியை ஐந்து குழுக்களில் ஒரே நேரத்தில் போடாதீர்கள். அங்கெல்லாம் இருப்பது அதே ஆட்கள்தான்.

பதில் வந்த பிறகு

பதில் பிடிக்காமல் போகலாம். இருநூறு வருஷப் பழமை என்று நினைத்தது 1960-களில் வந்ததாக இருக்கும். மறுக்க வேண்டாம். “எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை உண்மையில் தெரிந்தவர் விரும்புவார். சும்மா அடித்துவிட்டவர் காணாமல் போவார். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், யார் முத்திரையையும் அளவையும் சுட்டிக்காட்டுகிறார் என்று பாருங்கள். யார் குரல் பெரியது என்பது கணக்கில்லை.

இன்னொரு படம் கேட்டால் எடுத்துப் போடுங்கள். “நாளை போடுகிறேன்” என்று சொல்லிவிட்டு மறைகிறவர்கள்தான் இந்த வட்டாரத்தில் பெரிய எரிச்சல். பதில் கிடைத்ததும் பதிவை அழித்துவிடுகிறவர்கள் அதற்கும் மேல். நாளைக்கு இன்னொருவர் அதே கருவியோடு வருவார், அவர் தேடினால் கிடைக்க வேண்டும். தலைப்பில் விடையைச் சேர்த்து வைத்துவிட்டால் உத்தமம்.

சுத்தம் செய்ய யோசனை சொல்வார்கள். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம். குறிப்பாக, சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் செலுத்தித் துரு எடுக்கும் முறையில், எதிர்த் தகடாக எவர்சில்வர் கரண்டியைப் போடச் சொன்னால் கேட்காதீர்கள். அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் உண்டாகலாம். சாதாரண இரும்புத் துண்டே போதும். ஹைட்ரஜன் வாயு வருவதால் அடுப்புப் பக்கத்தில் செய்யக் கூடாது. ஹெச்டிபி வீட்டில் இதற்கெல்லாம் ஜன்னலோரம் தவிர நல்ல இடம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விலை

முதல் பதிவிலேயே விலை கேட்காதீர்கள். கேட்கக் கூடாது என்று இல்லை, முதலில் என்னவென்று தெரியட்டும். கேட்கும்போது நேர்மையாகக் கேளுங்கள்: விற்கவா, காப்பீட்டுக்கா, தம்பிகளுக்குள் பங்கு பிரிக்கவா? “சும்மா தெரிந்துகொள்ளத்தான்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே படத்தோடு கேரோசெல்லில் விற்பனைக்குப் போட்டால் அதை எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒருவர் கேட்கும் விலை சந்தை விலை ஆகாது. ஈராயிரம் வெள்ளி என்று யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். விற்றுமுடிந்த விலைகளைப் பாருங்கள். பழமை மட்டும் விலையைத் தூக்காது. ஸ்டான்லி எண் 4 நூறு வயதானாலும் ஏராளமாகச் செய்யப்பட்டது, ஆகவே எளிதில் கிடைக்கும். அதே நிறுவனத்தின் எண் 1, உள்ளங்கையில் அடங்கும் ஐந்தரை அங்குலக் குட்டி, உண்மையிலேயே விலை போகும். அதனாலேயே போலிகளும் உண்டு. உங்கள் பெட்டியில் எண் 1 இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

அடுத்தவர் “இன்று கிடைத்தது” என்று ஆசையாகப் படம் போட்டால் அதன் கீழே “எவ்வளவு கொடுத்தீர்கள்?” என்று கேட்பது நம்மூர்ப் பழக்கம். இங்கே வேண்டாம். அவராகச் சொன்னால் “ஏமாந்துட்டீங்க அண்ணே” என்பதும் வேண்டாம்.

வாங்குவது, விற்பது

விற்பவர் விலையை எழுதிவிட வேண்டும். “விலைக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்” என்பது ஆளைப் பார்த்து விலை சொல்வதற்கான ஏற்பாடு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். குறைகளைப் படத்தோடு சொல்லிவிடுங்கள். பாகம் மாற்றியது தெரிந்தால் அதையும்.

வாங்குபவர் “எடுத்துக்கொள்கிறேன்” என்று எழுதினால் எடுத்துக்கொண்டதாகவே பொருள். ஆர்வம் மட்டும் இருந்தால் கேள்வி கேளுங்கள், அந்தச் சொல்லைப் போடாதீர்கள். முதலில் சொன்னவருக்கே முதல் உரிமை. பின்வாசலால் போய் ஐந்து வெள்ளி கூட்டித் தருகிறேன் என்பது ஒருமுறை நடக்கும், அதற்குப் பிறகு உங்கள் பெயர் கெட்டிருக்கும்.

எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து, பேநவ்வில் பணம் போட்டு வாங்குவது இங்கே வழக்கம். உளி, ரம்பம், வாச்சி போன்றவற்றின் கூர்ப்பக்கத்தை அட்டை வைத்துக் கட்டி, பைக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். பாராங் என்கிற நீண்ட வெட்டுக்கத்தி என்றால் கூடுதல் கவனம். தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் அதை வைத்திருப்பது சிங்கப்பூரில் குற்றம். ரயில் நிலையத்தில் விரித்துக் காட்டிப் பேரம் பேசும் பொருள் அல்ல அது. வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

யானைத் தந்தத்தில் செய்த மடக்கு அளவுகோல், தந்தக் கைப்பிடி இவற்றை எவ்வளவு பழசானாலும் விற்க முடியாது. 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் யானைத் தந்த விற்பனையும், விற்பனைக்காகக் காட்சிக்கு வைப்பதும் தடை. ஸ்டான்லியின் பழைய இழைப்புளிக் கைப்பிடிகள் பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி விவரம் கேட்டுவிட்டு அப்புறம் விளம்பரம் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்குவது என்றால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும், இரும்பின் எடைக்கு ஏறும் தபால் செலவையும் கணக்கில் சேருங்கள். சில நேரம் தபால் செலவு கருவியின் விலையைத் தாண்டிவிடும்.

ஒரு தச்சரோ மெக்கானிக்கோ காலமானது தெரிந்ததும், காரியம்கூட முடியாத வீட்டுக்குப் போன் போட்டு “அங்கிளோட சாமான் எல்லாம் என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வீடு காலி செய்யும் நேரத்தில் அவர்களாகவே கேட்டால் உதவுங்கள். விலை மதிப்புள்ளது எது என்று அவர்களிடம் சொல்லிவிட்டே வாங்குங்கள். தெரியாதவரிடம் பத்து வெள்ளிக்கு வாங்கியதைக் குழுவில் வந்து பெருமையாகச் சொன்னால் சிரிப்பு வராது.

அடுத்தவர் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லும்போது

சில மாதத்தில் உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்துவிடும். அப்போது ஊகத்தை ஊகம் என்றே சொல்லுங்கள். படத்தைத் தேடுபொறியில் போட்டு வந்ததையோ, செயற்கை நுண்ணறிவுச் செயலி சொன்னதையோ சரிபார்க்காமல் ஒட்டாதீர்கள். அந்தச் செயலிகள் இல்லாத கம்பெனிக்கு வருஷமும் ஊரும் சேர்த்து அழகாகச் சொல்லும். அந்தத் தப்பு ஒருமுறை குழுவில் ஏறினால் இறக்குவது பெரும்பாடு. மற்றவர் எடுத்த படத்தை வேறு இடத்தில் போடுவதற்கு முன் கேளுங்கள்.

புதிதாக வந்தவர் மங்கலான படத்தோடு “இது என்ன, எவ்வளவு போகும்?” என்று கேட்டால் கேலி செய்யாமல், “பிளேடைக் கழற்றி ஒரு படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து இன்னொரு படம் போடுங்கள், பார்க்கலாம்” என்று எழுதுங்கள். போட்டால் பாருங்கள். போடவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.